கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் கடற்கரை: வழிகாட்டியுடன் போவதா? எந்தக் கரைக்கு?

லயத்து வீடு (பத்தாங் பெர்ஜுந்தை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் நாத்தனார் குடும்பம் மன்னார்குடியிலிருந்து அடுத்த மாதம் கோலாலம்பூருக்கு வருகிறது. பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் இருவர். பெரியவர்களில் ஒருவர் என் மாமியாரின் அண்ணன். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். மஸ்ஜிட் இந்தியாவுக்குப் பக்கத்தில் விடுதி எடுத்துவிட்டார்கள். பத்துமலை, இரட்டைக் கோபுரம் என்று மற்ற நாள்களுக்கு அவர்களே திட்டம் போட்டுக்கொண்டு, கடலுக்குப் போகும் ஒரு நாளை மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்வதால் வார நாளில் விடுப்பு கிடைப்பது கடினம். வீட்டில் இருப்பதும் ஒரு சிறிய கார்தான். ஆகவே கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் பயணம் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். இணையத்தில் பார்த்தால் எல்லா விளம்பரத்திலும் வானத்தைப் பிரதிபலிக்கும் ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டின் படமும் மின்மினிப் படமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் உண்மையாகவே பார்க்க முடியுமா? வருகிறவர்கள் எல்லாரும் சைவம். மதிய உணவு ‘கடலுணவு விருந்து’ என்று போட்டிருக்கிறார்கள். பெரியவருக்கோ அலையில் கால் நனைக்க வேண்டும், முடிந்தால் அமாவாசையன்று கடலில் குளிக்க வேண்டும் என்று ஆசை. வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது தேவையா, வேன் மட்டும் பிடித்தால் போதுமா? மின்மினிப் படகுத்துறைக்கு அருகிலேயே வாழ்ந்தும் இதைக் கேட்கிறேனே என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள்தாம் போவதில்லை.

நீல அட்டை (கிள்ளான்) பதில்:

வணக்கம் அம்மா. நான் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. என் தொழிலுக்கு ஆள் பிடிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் தேதிகளில் நான் வேறு குழுவுடன் பினாங்கில் இருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிலாங்கூர்க் கடற்கரைக்குப் போவதாக இருந்தால், நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை. மலாக்கா நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, நாளுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமுமாக நடக்கும். கிள்ளான் கரையை ஒட்டிய பகுதியில் அமாவாசை, பௌர்ணமி நாள்களின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் மாறும். நீங்கள் படத்தில் பார்த்த அந்தத் திட்டு கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள் இருக்கும் மணல்மேடு. நீர் மிக அதிகமாக வற்றும் நாள்களில்தான் அது தலைகாட்டும். அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில் மட்டும். உங்கள் வீட்டுச் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்குமானால் அதுவே உங்களுக்கு ஓதப் பட்டியல். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் படகு புறப்படும் நேரமும் நாளுக்கு நாள் மாறும். ‘தினமும் காலை ஒன்பது மணிக்கு’ என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

மின்மினிகளின் கணக்கு வேறு. சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் கூடும் அந்தப் பூச்சிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னும். இருள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அழகு. பௌர்ணமி நிலவில் அவை மங்கிப்போகும். ஆக, மணல்திட்டுக்கு அமாவாசையும் ஒத்துவரும், பௌர்ணமியும் ஒத்துவரும். மின்மினிக்கு அமாவாசை மட்டுமே ஒத்துவரும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் அமாவாசை அல்லது அதற்கு மறுநாள், அதற்கடுத்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி வாரத்தில் இரண்டையும் ஒரே பொதியாக விற்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் பாதியில் நீங்கள் கொடுக்கும் காசுக்கு வெளிச்சம் குறைவு. மழை வந்தால் எந்தத் திதியும் காப்பாற்றாது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மாலை நேர இடிமழை சாதாரணம்.

மணல்திட்டில் நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, உட்கார இடம் கிடையாது. படகிலிருந்து ஏணி வழியாக நீருக்குள் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவரை அங்கே கொண்டுபோக நான் ஒப்பமாட்டேன். அவர் ஆசைப்படுகிற அலையும் அங்கே இல்லை. பெரிய அலைகள் வராதபடி சுமத்திராத் தீவு மறைத்து நிற்கிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் அலையாத்திக் காடும் சேர்ந்து இந்தக் கரையைச் சேற்றுக் கரையாக வைத்திருக்கின்றன. மெரினாவையும் வேளாங்கண்ணியையும் பார்த்தவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வந்து இறங்கிய பிறகு அவர்கள் முகம் வாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி தேவையா என்று கேட்டீர்கள். 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி பயண நிறுவனத்துக்கும் உரிமம் வேண்டும், வழிகாட்டிக்கும் தனி உரிமம் வேண்டும். நகர, பொதுப் பயணங்களுக்கு நீல அட்டையும் இயற்கைப் பகுதி வழிகாட்டிக்குப் பச்சை அட்டையும் உண்டு. வேன் ஓட்டுநர் நல்லவராக இருக்கலாம், வழியும் நன்றாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அட்டை இல்லாதவர் வழிகாட்டியாகச் செயல்பட முடியாது. சொந்தக் காரில் சுற்றுலா நடத்துபவரிடம் எட்டுப் பேரை ஏற்றிவிடாதீர்கள், விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். இருக்கிறார்கள், ஆனால் கேட்காவிட்டால் அனுப்பமாட்டார்கள்.

சிரம்பான் அத்தை பதில்:

லயத்து வீட்டம்மா, உங்கள் பெரியவருக்குக் கடல் என்றால் குளிக்கிற கடல்தானே? அப்படியானால் மணல்திட்டும் மின்மினியும் இருக்கும் கோல சிலாங்கூரை விட்டுவிட்டுப் போர்ட்டிக்சனுக்கு வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து தெற்கு நோக்கி நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தெலுக் கெமாங் பக்கம் மணல் இருக்கிறது, நீர் ஆழமில்லை, ஏற்றத்தின்போது போனால் பெரியவர்கள் உட்கார்ந்து குளிக்கலாம். பிள்ளைகள் கொஞ்சம் நடக்கக்கூடியவர்கள் என்றால் தஞ்சோங் துவான் காட்டின் உச்சியில் உள்ள கலங்கரை விளக்கம் வரை ஏறிப் பார்க்கலாம். சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருக்க, அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம் என்பது என் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் தீராத வியப்பு. மார்ச் மாதத்தை ஒட்டி வந்தால் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் கழுகு, பருந்துக் கூட்டங்களையும் அங்கே பார்க்கலாம்.

ஆனால் இதற்கு வழிகாட்டி எதற்கு? கடற்கரையைக் காட்ட ஒருவர், அதற்கு ஒரு கட்டணம் என்பது எனக்குப் பிடிபடவில்லை. வேன் ஒன்றைப் பிடியுங்கள். சோற்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

பந்திங்காரன் பதில்:

எல்லாரும் எங்கள் பந்திங் பக்கத்து மோரிப் கடற்கரையை மறந்துவிட்டீர்கள். கோலாலம்பூரிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரம்தான், கூட்டமும் குறைவு. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்த பிறகு பிரிட்டிஷ் படை கரையிறங்கிய இடம் இது. 25ஆவது இந்தியப் படைப்பிரிவினர் வந்து இறங்கினார்கள். வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. நம் கரையின் குணத்துக்கு அதைவிடச் சான்று வேண்டுமா? வழிகாட்டி ஒருவர் இந்த இடத்தில் நின்று அந்தக் கதையைச் சொன்னால்தான் அது வெறும் சேறாக இல்லாமல் இருக்கும். சிரம்பான் அத்தையோடு இதில் நான் உடன்படவில்லை. ஏற்றத்தின்போது காலை வேளையில் வந்தால் குளிக்கலாம், முன்னோர் கடனும் செய்யலாம். வற்றத்தில் வந்தால் நீரைத் தேடி நடக்க வேண்டியிருக்கும். சுற்றுலா நிறுவனங்கள் இங்கே அதிகம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொந்த வண்டிதான் வசதி.

லயத்து வீடு மீண்டும்:

மூவருக்கும் நன்றி. நீல அட்டை ஐயா சொன்னதைப் படித்தவுடன் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் தங்கும் நாள்களுக்குள் அமாவாசை வருகிறது. அப்படியானால் அமாவாசைக்கு மறுநாளைப் பயண நாளாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சந்தேகம்: நிறுவனத்தார் கோலாலம்பூர் விடுதியில்தான் ஏற்றுவோம் என்கிறார்கள். நானும் என் மாமியாரும் இங்கேயிருந்து கோலாலம்பூருக்குப் போய், மறுபடி எங்கள் ஊர்ப் பக்கமே திரும்பி வந்து, இரவில் மறுபடி கோலாலம்பூர் போய் இறங்கி வருவது வீண் அலைச்சல் அல்லவா? பெரியவரை மணல்திட்டுக்கு அனுப்பாமல் எங்கே உட்கார வைப்பது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

நீல அட்டை பதில்:

உங்கள் ஊர் அமைந்திருக்கும் இடமே உங்களுக்கு உதவி செய்கிறது அம்மா. பொதுப் பயணத்தில் தனித்தனி ஆளாகச் சேராமல், உங்கள் இருவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கும் தனி வேனும் தனி வழிகாட்டியும் கேளுங்கள். தலைக்குக் கணக்குப் பார்த்தால் வேறுபாடு பெரிதாக இராது. நேரமும் இடமும் உங்கள் கையில் இருக்கும். வேன் லாத்தார் நெடுஞ்சாலை வழியாக ஈஜோக்கில் இறங்கித்தான் வரும். அங்கிருந்து உங்கள் ஊருக்கு ஒதுங்கி, பெரியவரை உங்கள் வீட்டிலேயே இறக்கிவிட்டு, உங்களை ஏற்றிக்கொண்டு மணல்திட்டுக்கான படகுத்துறைக்குப் போகட்டும். இப்படி வழியில் ஏற்றி இறக்குவதைப் பயணத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

மணல்திட்டிலிருந்து திரும்பினால் எல்லாருடைய உடையிலும் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். மாற்றுத் துணியும், கைத்தொலைபேசிக்கு நீர்புகாத உறையும் கட்டாயம். மதிய உணவுக்குக் கடலுணவு விருந்தைப் பொதியிலிருந்து நீக்கிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பாசிர் பெனாம்பாங் மீன் கடைகளில் சைவக்காரர்களுக்குக் கீரையும் சோறும் கிடைக்கும், ஆனால் சட்டியும் எண்ணெயும் ஒன்றுதான். பட்டணத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இல்லையென்றால் புக்கிட் ரோத்தான் சக்தி கோயிலுக்கு வேனைத் திருப்பச் சொல்லி, சாமி கும்பிட்டுவிட்டு உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வெயில் தாழ ஓய்வெடுக்கலாம். நாத்தனாருக்கு அதுவே அதிகம் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாலையில் பெரியவரையும் சேர்த்துக்கொண்டு, பழைய கோட்டை இருக்கும் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்குப் போங்கள். வார இறுதியில் சொந்த வண்டிகளை மேலே விடுவதில்லை, டிராம் ஏற்றிச் செல்லும். ஆகவே முழங்காலுக்குத் தொல்லையில்லை. 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1907இல் பிரிட்டிஷார் கட்டியது, டச்சுக்காரர் கட்டியதல்ல. மேலே இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. சாம்பல் நிறத்தில் வெள்ளி மினுங்கும் குரங்கு இலை தின்பது, அமைதியானது, மடியில்கூட வந்து உட்காரும். நீள்வால் குரங்கு அப்படியல்ல; கையில் பையைப் பார்த்தால் பறித்துவிடும். பிள்ளைகளிடம் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

இருட்டிய பிறகு மின்மினிப் படகுத்துறை இருக்கும் கம்போங் குவாந்தான். அது கோல சிலாங்கூரிலிருந்து உங்கள் ஊருக்குப் போகும் சாலைப் பக்கமே இருப்பதால் அங்கேயே நீங்கள் பிரிந்து வீடு திரும்பலாம், விருந்தினர் வேனில் கோலாலம்பூர் போகலாம். சம்பான் என்னும் சிறு துடுப்புப் படகில் நான்கு பேர் உட்காரலாம். மோட்டார் சத்தம் கிடையாது. பளிச்சென்று விளக்கடித்துப் படம் எடுக்கக் கூடாது. கரையோரச் செடிகளை வெட்டி நிலத்தைத் திருத்திய இடங்களில் பூச்சி குறைந்துபோனதைப் படகோட்டிகளே காட்டுவார்கள். அதன் புழு ஈரமான கரைமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்வது. கரை காய்ந்தால் மரம் நின்றும் பயனில்லை.

பந்திங்காரன் பதில்:

பெரியவரின் குளியல் விடுபட்டுப்போயிற்றே? அமாவாசையன்று காலையில் உங்கள் காரிலேயே அவரை மட்டும் மோரிப்புக்கு அழைத்து வாருங்கள், அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் உங்கள் கணவருக்கும் விடுப்புத் தேவைப்படாது. முந்திய இரவே ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

லயத்து வீடு:

ஞாயிற்றுக்கிழமைதான், பந்திங்காரரே. திங்கட்கிழமை வேன், தமிழ் பேசும் வழிகாட்டி என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். திங்களன்று மெலாவத்தி டிராம் ஓடாது என்றால் வேன் மேலே போகலாமா என்பதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் நீல அட்டை ஐயா.

நீல அட்டை:

வார நாளில் வேன் மேலே போகும். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே இறக்கச் சொல்லுங்கள்.