அம்மாவின் மருந்துப் பையை இன்னும் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?

ஈசூன்_மகள்:
அம்மாவுக்கு 71 வயது. இங்கே சிங்கப்பூரில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பலதுறை மருந்தகத்தில்தான் (அரசு பாலிகிளினிக்) பார்க்கிறோம். போன மாதம் ஞாயிறு இரவு திடீர்க் காய்ச்சல், வேறு வழியில்லாமல் புளோக்குக்குக் கீழே இருக்கும் தனியார் மருந்தகத்துக்கு (கிளினிக்) கூட்டிப்போனேன். டாக்டர் எழுதியது பெனிசிலின் வகை மாத்திரை, அம்மாவுக்கோ அது ஒத்துக்கொள்ளாது. நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன், சொன்னதும் மாற்றினார். “உங்கள் கணினியில் தெரியாதா டாக்டர்?” என்றால், “இங்கே அந்த இணைப்பு இல்லை” என்கிறார். மூன்று நாள் கழித்து மருத்துவமனை அவசரப் பிரிவில் இதே கதை தலைகீழாக: “அந்தக் கிளினிக்கில் என்ன மருந்து கொடுத்தார்கள்?” என்று கேட்கிறார்கள். பையைத் திறந்து மேசையில் கொட்டினேன். நோயாளியின் விவரத்தை எந்த மருத்துவமனையும் மருந்தகமும் பார்க்க உதவும் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011லிருந்தே இருக்கிறதாமே, அது என்னதான் செய்கிறது?

வரவேற்பு_மேசை:
நான் ஒரு சின்ன மருந்தகத்தில் பதிவு, மருந்து, பில் எல்லாம் பார்ப்பவள், அதனால் சொல்கிறேன் அக்கா. பதிவு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் யாராவது எழுதினால்தானே அதில் ஏதாவது இருக்கும்? அரசு மருத்துவமனை, பலதுறை மருந்தகத்திலிருந்து ஒவ்வாமை, மருந்து, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் போய்ச் சேர்கிறது. தனியாருக்கு இத்தனை வருடமும் அது கட்டாயமில்லை, விரும்பினால் சேரலாம், அவ்வளவுதான். பல இடங்களில் பழைய மென்பொருள், சில இடங்களில் இன்னும் அட்டைதான், டாக்டர் கையெழுத்தை நானே பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் நோய்த்தடுப்புத் திட்டம் வந்த பிறகு, அதில் சேரும் மருந்தகங்கள் பதிவோடு இணையும் மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. எங்கள் இடமும் அப்படித்தான் மாறியது. முதல் இரண்டு மாதம் வரிசை வாசல் வரை நின்றது, வாங்கிக்கட்டிக்கொண்டது நான்!

பழைய_கணினிக்காரன்:
எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2018ஐ மறந்துவிட்டீர்களா? சிங்ஹெல்த் என்ற அரசு மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் பேரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் திருடு போனது. 160,000 பேருக்கு வாங்கிய மருந்து விவரமும் சேர்ந்து போனது, அதில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். அடுத்த ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதன் கணினிகளை நிர்வகித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம். அந்த ஐஎச்ஐஎஸ்தான் இப்போது சினாப்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது, தேசியப் பதிவும் அவர்கள் கையில்தான்.

இரவுப்பணி_தாதி:
அண்ணே, ஒரு திருத்தம். அன்று திருடு போனது தேசியப் பதிவிலிருந்து இல்லை, சிங்ஹெல்த்தின் சொந்த நோயாளித் தரவுத்தளத்திலிருந்து. ஆனால் அடி விழுந்தது தேசியப் பதிவுக்கு. எல்லா மருத்துவமனையும் மருந்தகமும் தகவல் தரவேண்டும் என்று சட்டம் கொண்டுவரப்போவதாக 2017ல்தான் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் சொன்னார், மறு வருடமே இந்தத் திருட்டு, முதலில் பாதுகாப்பைச் சோதிப்போம் என்று சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஈசூன் அக்கா மேசையில் பையைக் கொட்டியதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம் என்பேன். சுகாதாரத் தகவல் மசோதா 2025 நவம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது, தனியாரும் எழுதியாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வேலைக்கு ஆள் எடுக்கவோ காப்புறுதி கொடுக்கவோ இந்தப் பதிவைப் பார்க்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் நினைவில்லாமல் ஒருவரைக் கொண்டுவரும்போது, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாத இரவுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது திரையில் ‘வார்ஃபரின்’ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) என்ற ஒரு வார்த்தை தெரிந்தால் நாங்கள் செய்வதே மாறிவிடும்.

பழைய_கணினிக்காரன்:
சரி தாதியம்மா, அது தேசியப் பதிவு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். உறுத்தல் மட்டும் போகவில்லை.

ஈசூன்_மகள்:
இப்போதுதான் விளங்குகிறது. ஊரில் தஞ்சாவூர்ச் சித்தப்பாவும் 14 இலக்க ஆபா எண் (இந்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்) வாங்கி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார், கேட்டால் “யாரும் இதுவரை கேட்கவில்லையே” என்கிறார்! சரி, இங்கே அதுவரைக்கும் நான் என்ன செய்வது?

இரவுப்பணி_தாதி:
ஹெல்த்ஹப் என்ற அரசின் சுகாதாரச் செயலியில் அம்மாவின் கணக்கைத் திறந்து ஒவ்வாமைப் பகுதியில் பெனிசிலின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். தனியாரில் வாங்கும் மாத்திரையின் ஒட்டுத்தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

ஈசூன்_மகள்:
திறக்கப் பார்த்தேன் அக்கா, முடியவில்லை. அதற்கு வேண்டிய சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னியல் அடையாளம்) கடவுச்சொல் அம்மாவுக்கு மறந்துவிட்டதாம். அதை மாற்றச் சனிக்கிழமை சமூக மன்றத்துக்குக் கூட்டிப்போகிறேன், பையோடுதான்.