அம்மாவின் முதல் விமானப் பயணம்: திருச்சி – சிங்கப்பூர்

வணக்கம். அம்மா (68 வயது) அடுத்த மாதம் தனியாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வருகிறார். டிக்கெட்டில் இரவு 11.30 புறப்பாடு, காலை 6.15 வருகை என்று இருப்பதைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, "ஆறேமுக்கால் மணி நேரமா? காலைத் தொங்கப்போட்டு எப்படிடா உட்காருவேன்?" என்கிறார். சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால், வானில் நாலேகால் மணி நேரம்தான் என்று சொன்னாலும் நம்பவில்லை! தூரமும் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்தான்.

அவருக்கு மூட்டுவலி. சக்கர நாற்காலி கேட்டால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவு தாண்டி, பெட்டி எடுத்து, நாங்கள் நிற்கும் இடம்வரை கூட வருவார்களா? நடைபாதை ஓர இருக்கையா, ஜன்னலா? பெற்றோரைத் தனியாக அழைத்துவந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், திருச்சியில் மூன்று மணி நேரம் முன்னால் போனால் போதுமா?