கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஒட்டாவா (மத்திய அரசு) பட்ஜெட்டில் உங்கள் வீட்டுக்கு எது வரும், எது வராது

பட்ஜெட் என்றாலே நம்ம ஆட்களுக்கு எது விலை ஏறும், எது இறங்கும் என்கிற பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பழக்கத்தோடு இங்கே செய்தி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. மத்திய அரசு சாதாரணக் குடும்பங்களுக்குக் கொடுக்கிற உதவிகள் பலவும் நீங்கள் போடும் டாக்ஸ் ரிட்டர்னை வைத்துத்தான் கணக்காகின்றன. அதனால் வருமானம் பூஜ்ஜியமாக இருந்தாலும் ஏப்ரல் 30-க்குள் கணவன் மனைவி இருவருமே ஃபைல் பண்ணிவிடுங்கள். "வீட்டம்மாவுக்கு வேலையே இல்லையே, அவங்க எதுக்கு?" என்று விட்டுவிடும் வீடுகளில்தான் ஜூலை வந்ததும் பணம் நின்றுபோகிறது.

குழந்தைகளுக்காக மாதாமாதம் வரும் சைல்ட் பெனிஃபிட்டுக்கு மட்டும் முதல் ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) என்றால் வந்திறங்கியதுமே அதற்கான விண்ணப்பமான ஆர்சி66 படிவத்தையும், கூடவே புதியவர்களுக்கான இணைப்புப் படிவத்தையும் அனுப்பலாம். வொர்க் பெர்மிட், ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவர்கள் தொடர்ந்து 18 மாதம் இங்கே வசித்த பிறகுதான் கேட்க முடியும், 19-வது மாதத்தில் பெர்மிட்டும் செல்லுபடியாக இருக்க வேண்டும். அந்த இணைப்பில் கனடா வருவதற்கு முந்தைய உங்கள் வருமானத்தைக் கனடா டாலரில் கேட்பார்கள். நிறையப் பேர் காலியாக விட்டுவிட்டு, மாதக்கணக்கில் ஏன் பதிலே இல்லை என்று புலம்புவது இதனால்தான். வருமானம் இல்லையென்றாலும் 0 என்று எழுதுங்கள்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம். இந்தப் பணம் ஜூலை முதல் ஜூன் வரையிலான கணக்கு, அதுவும் முந்தைய வருட வருமானத்தை வைத்து. 2025 ஜூலையில் தொடங்கிய கணக்குப்படி, குடும்ப வருமானம் 37,487 டாலருக்குள் இருந்தால் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வருடம் 7,997 டாலர், 6 முதல் 17 வரை 6,748 டாலர். சென்னையில் வருடம் 12 லட்சம் வாங்கியவர் என்று வைத்துக்கொள்வோம், அது இங்கே சுமார் 20,000 டாலர்தான், ஆக இரண்டு சின்னக் குழந்தைகளுக்கு மாதம் 1,332 டாலர் முழுசாக வரும். சில வங்கிகளில் "கனடா ஃபெட்" என்ற பெயரில் வந்து விழும். அப்புறம் இருவரும் வேலைக்குப் போய், இருவருமாக 110,000 டாலர் சம்பாதித்து, அந்த வருட ரிட்டர்ன் ஜூலையில் கணக்குக்கு வந்ததும், அதே தொகை ஏறக்குறைய பாதியாகிவிடும். யாரும் தப்புச் செய்யவில்லை, ஏற்பாடே அப்படித்தான். முதல் வருடத் தொகையை நம்பிக் கார் லோன் போட்டவர்கள் திண்டாடுவது இங்கேதான்.

அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. 2024 நவம்பரில் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, வேலை செய்பவர்களுக்கு 250 டாலர் காசோலை 2025 வசந்தத்தில் வரும் என்றார். வரவே இல்லை. அதே சமயம் ஒன்டாரியோ மாகாண அரசு அறிவித்த 200 டாலர் வந்துசேர்ந்தது, அதுவும் 2023-க்கு ரிட்டர்ன் போட்டவர்களுக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய வாட்ஸப் ஃபார்வர்டுகள் எத்தனை! வந்துகொண்டிருந்ததும் நிற்கும். பொதுமக்கள் வாங்கும் எரிபொருள் மீதான கார்பன் வரியை 2025 ஏப்ரலில் நிறுத்தியதோடு, மூன்று மாதத்துக்கொருமுறை வந்த ரிபேட்டும் அந்த மாதத்தோடு முடிந்தது. ஆகவே எந்த அறிவிப்பு வந்தாலும் ஒட்டாவாவா மாகாணமா, மசோதா நிறைவேறியதா, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றையும் பாருங்கள்.

டே கேர் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். நாளுக்கு 10 டாலர் என்ற இலக்கு ஒட்டாவா 2021 பட்ஜெட்டில் வைத்தது, பணத்தில் பெரும்பங்கும் அங்கிருந்துதான். ஆனால் நடத்துவது மாகாணம். ஒன்டாரியோவில் 2025 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு நாளுக்கு 22 டாலர், அதுவும் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் மட்டும். குறைந்த கட்டண மையத்தில் இடம் கிடைப்பது வேறு போராட்டம், குழந்தை பிறக்கும் முன்பே பெயர் கொடுத்து வைக்கிறார்கள், சும்மா சொல்லவில்லை.

பல் வைத்தியத்துக்கு மத்திய அரசின் டென்டல் பிளான் இருக்கிறது. குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், போன வருட ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும், அதனால் வந்த வருடமே கிடைக்காது. முதலாளி பல் காப்பீடு தருவதாகச் சொல்லி நீங்கள் பிரீமியம் மிச்சம் என்று வேண்டாம் என்றாலும், காப்பீடு இருந்ததாகவே கணக்கு, அதனால் இந்தத் திட்டம் கிடைக்காது. முதலாளி தரும் வருடச் சம்பளச் சீட்டான டி4-இல் 45-ஆம் பெட்டியில் அந்த விவரம் இருக்கும், ஒளிக்க முடியாது.

2025 நவம்பர் 4 பட்ஜெட் 78.3 பில்லியன் டாலர் பற்றாக்குறையோடு வந்தது. அதில் நம் வீடுகளைத் தொடுவது இரண்டு. ஒன்று, 2026-இல் புதிய வெளிநாட்டு மாணவர்கள் 155,000 பேர் என்ற இலக்கு. ஊரில் தம்பி, தங்கை விண்ணப்பிக்கக் காத்திருந்தால் ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பி ஃபீஸ் கட்ட வேண்டாம். இன்னொன்று, மத்திய அரசு ஊழியர் எண்ணிக்கையை 2028-29-க்குள் சுமார் 330,000 ஆகக் குறைப்பது. வரியையும் இந்த உதவிப் பணத்தையும் கவனிக்கும் சிஆர்ஏ (கனடா வருவாய்த் துறை) தொலைபேசியில் ஆள் கிடைப்பது ஏற்கெனவே பாடு, இனி சுலபமாகும் என்று நான் நினைக்கவில்லை. ஆன்லைன் கணக்கை இப்போதே திறந்து, வீடு மாறிய அன்றே முகவரியையும் மாற்றிவிடுங்கள். குழந்தை உங்களோடுதான் இருக்கிறதா என்று கேட்டு அவர்கள் கடிதம் போடுவதுண்டு. அது பழைய பேஸ்மென்ட் முகவரிக்குப் போய், கெடு தேதி தாண்டினால், பணத்தை நிறுத்துவதோடு கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தையும் பள்ளியிலிருந்து ஒரு கடிதத்தையும் கையில் வைத்திருங்கள்.