புதுப்பிப்பு: திறப்பு வீட்டில், கார் தெருவில்

போன இழையில் எழுதியது ஞாபகமிருக்கும். இங்கே ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டுக் கார் இரவோடு இரவாகப் போனது. அவர்களின் கார்த் திறப்போ (சாவி) கதவடியில் தொங்கியபடியே இருந்தது. எங்கள் காருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

எங்கள் கார், திறப்பு பக்கத்தில் இருந்தாலே அதன் சிக்னலை உணர்ந்து திறக்கும் வகை. அந்தச் சிக்னல் வெளியே போகாமலிருக்கத் திறப்பைப் பிஸ்கட் டின்னில் போடச் சொன்னீர்கள். போட்டு, டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார்க் கதவில் கை வைத்தேன். டக்கென்று திறந்தது! மூடி இறுக்கமில்லை போல. அப்புறம் சிக்னலைத் தடுக்கும் பை வாங்கினேன். நன்றாகத்தான் வேலை செய்தது. போன கிழமை சும்மா சோதித்தால் மறுபடி திறக்கிறது. உள்ளே பார்த்தால் மடிப்பில் வெள்ளித் துணி கிழிந்திருக்கிறது. பை வைத்திருப்பவர்கள் இடைக்கிடை சோதியுங்கள், மேலதிகத் திறப்பையும் சேர்த்து.

ஆனால் பை தடுப்பது ஒரு வழியை மட்டுமே: வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சிக்னலைக் கருவியால் கார் வரை நீட்டி ஏமாற்றுவது. முன்விளக்கின் வயரைப் பிடித்து காரின் உள்வலையமைப்புக்குப் பொய்க் கட்டளை அனுப்புகிறவனுக்கும், ஓபிடி துளையில் (பழுது பார்க்கும் கருவியைக் காரோடு இணைக்கும் இடம்) கருவியைச் செருகிப் புதுத் திறப்பைப் பதிகிறவனுக்கும் எங்கள் திறப்பே தேவையில்லை.

அதனால் காரில் ஏற்கெனவே இருப்பதோடு இரண்டாவது இம்மொபிலைசர் (எஞ்சினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் கருவி) பூட்டினேன். ஸ்டியரிங் பொத்தான்களை நாங்கள் வைத்த வரிசையில் அழுத்தினால்தான் எஞ்சின் கிளம்பும். முதல் நாளே மனைவி வரிசையை மறந்து, வேலைத்தலத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தா. கூடவே, கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள் ஸ்டியரிங் பூட்டும் போடுகிறேன். பழைய காலத்துச் சாமான்தான், ஆனால் அறுக்க நேரமெடுக்கும்.