குளிர்விப்பானின் ‘டிஃபரன்ஷியல்’: பொறுதி எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டி வெப்பநிலைக் கையேட்டுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில் பாதி முடிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்குக் ‘குளிரூட்டி’ வேண்டாம் என்று நம் குழுவில் அக்கா எழுதியது சரி. சிங்கப்பூரில் குளிரூட்டி என்றால் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கான்தான். ‘குளிரூட்டியை 24இல் வையுங்கள்’ என்று எழுதினால் ரிமோட்டைத்தான் தேடுவார்கள். ‘குளிர்விப்பான்’ இருக்கட்டும். சென்சருக்கு ‘உணரி’ எல்லாருக்கும் பழகிவிட்டது.

இழுபறி டிஃபரன்ஷியலில்தான். அது என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். குளிர்விப்பானை ஓட்டி நிறுத்தும் கருவிகளில் பரவலாகக் கிடைக்கும் எஸ்டிசி-1000 கட்டுப்படுத்தியில் நான்கே அமைப்புகள். எஃப்1 இலக்கு வெப்பநிலை. எஃப்2 நம் சிக்கல். எஃப்3 கம்ப்ரஸருக்கான தாமதம். எஃப்4 உணரி காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்க. எஃப்1 24, எஃப்2 1 என்று வைத்தால், தண்ணீர் 25 டிகிரியைத் தொட்டதும் குளிர்விப்பான் ஓடும். 24க்கு இறங்கியதும் நிற்கும். நடுவில் இருக்கும் அந்த ஒரு டிகிரிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘வேறுபாடு’ என்றார் ஒருவர். எதற்கும் எதற்கும் வேறுபாடு என்ற கேள்வி உடனே வரும். ‘தயக்கம்’ என்ற ஆசிரியர் ஐயாவின் முன்மொழிவு வலுவானது. இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்தவர்களுக்கு அது ஹிஸ்டெரிசிஸ் (காரணம் மாறியும் விளைவு பின்தங்கி வருவது) என்று சட்டெனப் புரியும். ஆனால் கருவித் திரையில் எஃப்2 தயக்கம், எஃப்3 தாமதம் என்று அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும்? இரண்டுமே நேரத்தைக் குறிப்பதாகத் தோன்றும். முதலாவது டிகிரி, இரண்டாவது நிமிடம். மாற்றி வைத்துவிட்டால் நட்டம் தொட்டியில் வளரும் இறாலுக்கு.

என் பரிந்துரை ‘பொறுதி’. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பேச்சில் கேட்டிருப்பீர்கள். இலக்கைத் தாண்டி எத்தனை டிகிரி வரை கருவி பொறுத்திருக்கும் என்பதுதானே எஃப்2? ‘பொறுதி 1’ என்றால் ஒரு டிகிரி ஏறும்வரை பொறுக்கும், அப்புறம் வேலையைத் தொடங்கும். வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது: பொறுதியைக் கூட்டு, பொறுதி போதவில்லை. ‘அலைவிடை’ என்றொரு சொல்லும் என் மனத்தில் இருந்தது. ஆனால் அது முழு அகலத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. வெப்பமூட்டியையும் சேர்த்து இணைத்தால் இதே கருவி இலக்குக்குக் கீழேயும் அதே அளவு பொறுக்கும். ஆக மொத்த ஊசலாட்டம் எஃப்2ஐப் போல் இரு மடங்கு. பொறுதி ஒரு பக்கத்து அளவு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

டாலரன்ஸுக்கும் (பாகத்தின் அளவில் அனுமதிக்கும் விலகல்) இதே சொல் புழங்குகிறதே என்று கேட்பீர்கள். புழங்கட்டும். லேத் பட்டறை வரைபடமும் மீன்தொட்டிக் கையேடும் ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இருக்கப்போவதில்லை.

சொல் பொருந்துகிறதா என்று பார்க்க, கையேட்டுப் பத்தி ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

“வீவக அடுக்குமாடி வீட்டில் மூடியும் விளக்கும் உள்ள தொட்டித் தண்ணீர் பிற்பகலில் 30 டிகிரியை எட்டுவது சாதாரணம். டிஸ்கஸ் மீனுக்கு அது ஒத்துக்கொள்ளும். கிறிஸ்டல் ரெட் இறாலுக்கு 22 முதல் 24 வரை வேண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம், 30இல் சுமார் 7.6. பொறுதியை மிகச் சிறிதாக, 0.3 என்று வைத்தால் குளிர்விப்பான் அடிக்கடி நின்று நின்று ஓடும். நின்ற கம்ப்ரஸரை உடனே மறுபடி கிளப்பினால், உள்ளே அழுத்தம் சமனாகாத நிலையில் மோட்டார் திணறும். அதனால்தான் தாமதம் என்ற தனி அமைப்பு. 3 நிமிடம் போதும். உணரியைக் குளிர்ந்த நீர் விழும் இடத்துக்கு அருகில் ஒட்டாதீர்கள்.”

கடைசி வரியை இன்னும் நீட்ட வேண்டும். உணரியைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் உறிஞ்சு ரப்பர் நாளடைவில் விறைத்துக் கழன்றுவிடும். கறுப்பு ஒயரின் நுனியிலுள்ள உணரி தண்ணீருக்கு வெளியே தொங்கும். அறைக்காற்று 30 டிகிரி, இலக்கு 24. கருவி காற்றை அளந்துகொண்டு குளிர்விப்பானை நிறுத்தவே நிறுத்தாது. எத்தனை பொறுதி வைத்திருந்தாலும் பயனில்லை. ஒயரைக் கண்ணாடி விளிம்பில் ஒரு கிளிப்பால் பிடித்துவிடுவது நல்லது.

அடுத்து எஃப்4. ‘அளவுத்திருத்தம்’ சரியான சொல்தான், ஆனால் சின்னத் திரைக்கு நீளம். ‘திருத்தம்’ என்று மட்டும் போடலாமா, அல்லது ‘ஈடு’ என்பீர்களா? நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் உணரியை வைத்து, திரை 0.6 காட்டினால் எஃப்4இல் -0.6 கொடுப்போமே, அந்த எண்ணுக்குத்தான் கேட்கிறேன்.