டிரே தாவாவில் மழையே இல்லை, மலேரியா மட்டும் எப்படி?

திருவாரூர்க்காரன்:
எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் மனைவி, மூன்று வயது மகளோடு கிளம்புகிறேன். அங்கே இருக்கும் நண்பருக்குப் போன தை மாதம் மலேரியா வந்துவிட்டதாம். தை மாதத்தில் அங்கே சொட்டு மழை கிடையாது, ஊருக்குள் குளம் குட்டையும் இல்லை என்கிறார். ஆப்பிரிக்காவில் மலேரியா கிராமத்து நோய் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீடோ ஊர் நடுவில், மூன்றாவது மாடி. கொசுவலை போதுமா?

அடிஸ்வாசி:
ஆறு வருடமாக அடிஸ் அபாபாவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. வீணாகப் பயப்படாதீர்கள்.

டார்ச் லைட்:
அடிஸ் 2,300 மீட்டர் உயரம் சார். அந்தக் குளிரில் கொசுவின் உடம்புக்குள் மலேரியா கிருமி வளர்ந்து முடிவதே கஷ்டம். டிரே தாவா அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான், வெயில் ஊர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

திருவாரூர் தம்பி, நான் சென்னையில் மலேரியா பணியாளராக முப்பது வருடம் மொட்டை மாடி ஏறி இறங்கியவன். டிரே தாவாவில் இப்போது தொல்லை தருகிற கொசு எனக்குப் பழைய ஆள். அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்று பெயர். நம் சென்னையில் கிணற்றிலும் மாடி டேங்கிலும் வளர்ந்து மலேரியா பரப்புவது இதுதான். ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுக்களுக்கு மழைக் குட்டை வேண்டும்; ஊர் பெருகிக் கட்டடம் நிறைந்தால் பொதுவாக அவை குறையும். இதற்கு நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரே போதும். தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கும் ஊரில் வீட்டுக்கு வீடு டிரம்மும் தொட்டியும் இருக்குமே, வெயில் காலத்திலும் இதற்குக் கொண்டாட்டம்தான்.

ஆப்பிரிக்காவில் இதை முதலில் பார்த்தது 2012-ல், ஜிபூட்டியில். அந்த வருடம் அந்த நாட்டில் மலேரியா வந்தவர்கள் 27 பேர். 2020-ல் 73,000-க்கும் மேல்! மக்கள் தொகையே பத்து லட்சம்தான். ஜிபூட்டியிலிருந்து வரும் ரயில் பாதையில்தான் டிரே தாவா இருக்கிறது. அங்கே 2019 முழுக்க 205 பேர். 2022-ல் முதல் ஐந்து மாதத்திலேயே சுமார் 2,400. நைஜீரியா, கென்யா, கானா வரை கொசு போய்விட்டது.

வலை கட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் படுக்கப் போகும் முன்பே, சாயங்காலத்திலேயே இது கடிக்கத் தொடங்கிவிடும். மூன்றாவது மாடி என்றால் டேங்குக்கு நீங்கள்தான் பக்கத்து வீடு. வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். டெங்குக் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கும். இது தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகப் படுத்துக் கிடக்கும்.

இன்னொன்று. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே பரிசோதனை செய்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக் கிருமிகளில் சில, உடனடிப் பரிசோதனைப் பட்டையில் சிக்குவதில்லை. பட்டையில் இல்லை என்று வந்தாலும் கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

நைரோபி மருமகள்:
எங்கள் நைரோபியும் மேட்டு ஊர்தான். இங்கே மலேரியா என்று வருகிறவரிடம் டாக்டர் முதலில் கேட்பது, "கிசுமு பக்கம் போனீர்களா?" என்றுதான். கிறிஸ்துமஸுக்கு விக்டோரியா ஏரிக்கரை ஊர்களுக்குப் போய்வருபவர்கள் காய்ச்சலையும் கூடவே கொண்டு வருவார்கள். நீங்களும் விடுமுறையில் வேறு ஊர் போனால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

திருவாரூர்க்காரன்:
ஐயா, நன்றி. நண்பரை விட்டு அந்த வீட்டு மாடியில் பார்க்கச் சொன்னேன். இரண்டு டேங்க், ஒன்றுக்கு மூடியே இல்லையாம்.

டார்ச் லைட்:
மூடி கிடைக்கும் வரை பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கும் ஒரு துணி கட்ட வேண்டும். மூடி போட்ட டேங்கிலும் கொசு அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.