பிரெஞ்சு ஆடியோ பாடம் புரிகிறது, பேச்சு புரியவில்லை. அவசர உதவி

கயல்_க
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கிளம்புகிறேன். தினமும் பிரெஞ்சு ஆடியோ கேட்கிறேன். அதில் வருவதையெல்லாம் திருப்பிச் சொல்லவும் வருகிறது. ஆனால் யூடியூபில் பிரெஞ்சுக்காரர்கள் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்டால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. வேறு ஆடியோவுக்கு மாற வேண்டுமா? நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

சேது
எந்த ஆடியோ? எந்த ஊருக்குப் போகிறீர்கள்? எத்தனை நாள் தங்கல்? எழுத்து வடிவமும் கூடவே இருக்கிறதா, வெறும் ஒலி மட்டும்தானா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

ரேவதி மு
பிம்ஸ்லர் என்னும் ஆடியோ பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதுவும் வேண்டாம். ஒரு பாடம் அரை மணி நேரம். கேள்வி கேட்டுவிட்டுச் சற்று இடைவெளி விடுவார்கள், அந்த இடைவெளியில் நீங்கள் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்த சொல் கொஞ்ச நேரம் கழித்து வரும், அப்புறம் இன்னும் தள்ளி வரும். மறக்கப் போகிற நேரத்தில் கேட்பதுதான் அதன் சூட்சுமம். மனசுக்குள் சொன்னால் பலன் இல்லை.

இலக்கணப்புலி
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். காதால் மட்டும் ஒரு மொழி வந்துவிடாது. ‘எத்ர்’ (இருப்பது), ‘அவுவார்’ (வைத்திருப்பது) இரண்டு வினைகளையும் நிகழ்காலத்தில் தடுமாறாமல் எழுதத் தெரியாதவருக்கு எந்த ஆடியோவும் உதவாது. முதலில் நோட்டை எடுங்கள்.

தமிழினி
பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி வருகிறது, எழுத்து வடிவத்தோடு. இலவசம். அதைக் கேளுங்கள் கயல்.

சேது
@தமிழினி அது பெயருக்குத்தான் எளிது. ஓரளவு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கானது. புதிதாகத் தொடங்கியவர் கேட்டால் பயந்துவிடுவார்.
@இலக்கணப்புலி அவர் கடையில் ரொட்டி வாங்கவும் வழி கேட்கவும் போகிறார், தேர்வு எழுதப் போகவில்லை.

மாறன்
கயல், ஆடியோவில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. தமிழ் கற்க வந்த வெளிநாட்டவருக்குப் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று பாடம் நடத்தினால், தெருவில் ‘போயிட்டிருக்கேன்’ என்பதைக் கேட்டு அவர் என்ன செய்வார்? உங்களுக்கு நடப்பதும் அதுதான். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குப் பாடத்தில் ‘ஜெ நெ ஸே பா’. பேச்சில் அந்த ‘நெ’ பெரும்பாலும் விழுந்துவிடும், மிச்சம் சேர்ந்து ‘ஷே பா’ ஆகிவிடும். ‘இருக்கிறது’ என்பதற்கு ‘இல் யா’ என்று படித்திருப்பீர்கள், காதில் விழுவது வெறும் ‘யா’. தெரிந்த சொல்தான், ஆனால் உருவம் தெரியவில்லை.

எழுத்து வடிவத்தோடு இருக்கும் ஒரு நிமிட உரையாடல் ஒன்றை எடுங்கள். முதலில் பார்க்காமல் கேளுங்கள். அப்புறம் வரி வரியாக நிறுத்தி, எழுத்தில் இருக்கும் எது காதில் விழவில்லை என்று பென்சிலால் குறியுங்கள். அப்புறம் கூடவே பேசுங்கள், அவர்கள் வேகத்திலேயே. ஒன்றில் சலிக்கும்வரை இருங்கள், அடுத்ததற்கு ஓடாதீர்கள்.

ஒரு வாக்கியம் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்: ‘ப்ளூ லான்த்மான், ஸில் வூ ப்ளே’, இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று. கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். அதைச் சொல்லாமல் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு.

ரேவதி மு
மாறன் தம்பி சொல்வது சரிதான், ஆனால் அதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் சுலபமாக மனப்பாடம் ஆகும்.

இலக்கணப்புலி
தமிழ் எழுத்தில் பிரெஞ்சு எழுதுவதைப் போல் கெடுதல் வேறில்லை. ‘நீ’ என்பதற்கான சொல்லும் ‘எல்லாம்’ என்பதற்கான சொல்லும் தமிழில் ‘தூ’ என்றே வரும். ஃப்ரெஞ்சில் அவை வெவ்வேறு உயிரொலிகள். கடைசியில் வரும் மூக்கொலிக்கு ‘ன்’ போட்டால் நாக்கு அண்ணத்தைத் தொட்டுவிடும். தொடவே கூடாது.

மாறன்
முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ‘நீ’க்கு உரிய ஒலி வர, ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டும்.

மூக்கொலி விஷயம் அப்படி இல்லை ஐயா. பேச்சில் நாம் ‘மரம்’ என்று உதட்டை மூடியா முடிக்கிறோம்? பலருடைய பேச்சில் ‘மரோ’ என்று மூக்கு வழியாகப் போகிறது. ‘வந்தான்’ சொல்லும்போதும் நாக்கு மேலே தொடுவதில்லை. ‘அவன்’ முடிவதோ ‘எ’ பக்கம் சாய்ந்த இன்னொரு மூக்கொலி. ‘நல்லது’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் ‘மரம்’ முடிவு, ‘காற்று’ என்பதற்கானதில் ‘வந்தான்’ முடிவு, ‘ஒயின்’ என்பதற்கானதில் ‘அவன்’ முடிவு. ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பலர் திணறும் இடத்தில் நமக்குப் பாதி வேலை முடிந்திருக்கிறது.

இலக்கணப்புலி
‘ஏறக்குறைய’ என்பதில்தான் பிரச்சினையே. இதை நம்பிப் பழகியவர்களின் உச்சரிப்பைத் திருத்துவது பெரும்பாடு.

தமிழினி
நான் இப்போதுதான் ‘மரம்’ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். உதடு மூடவில்லை!

சேது
கேள்வி கேட்டவர் எங்கே? இன்னும் ஊர் பேரே தெரியவில்லை.

கயல்_க
மன்னிக்கவும், வேலை அதிகம். லொசான் போகிறேன், அம்மாவும் வருகிறார். ஒலி மட்டும்தான், எழுத்து இல்லை. பேருந்தில் கேட்பதால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சேது
சுவிட்சர்லாந்தா! அப்படியானால் எண்களைக் கவனியுங்கள். பிரான்ஸுக்கான ஆடியோவில் எழுபது என்பது அறுபதும் பத்தும், எண்பது என்பது நான்கு இருபது, தொண்ணூறு என்பது நான்கு இருபதும் பத்தும். லொசான் இருக்கும் வோ மாநிலத்தில் ‘செப்தாந்த்’, ‘உயிதாந்த்’, ‘நோனாந்த்’ என்று நேராகப் போகும். பக்கத்து ஜெனீவாவிலேயே எண்பதுக்குப் பிரான்ஸ் போலவே ‘காத்ர் வேன்’ (நான்கு இருபது) என்பார்கள், இரண்டும் காதுக்குப் பழகட்டும். விலை அங்கே ஃபிராங்கில், யூரோவில் இல்லை.

சாப்பாட்டு நேரமும் மாறும். ‘தேஜூனே’ பாரிஸில் மதியச் சாப்பாடு, சுவிட்சர்லாந்தில் காலைச் சாப்பாடு. அங்கே மதியம் ‘தீனே’, இரவு ‘சூப்பே’. யாராவது உங்கள் அம்மாவை ‘தீனே’வுக்கு அழைத்தால் மதியமே போய்விடுங்கள்.

ரேவதி மு
பேருந்தில் மனசுக்குள்ளா! அதைத்தானே முதலிலேயே சொன்னேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல் கண்ணு.

கயல்_க
மாறன் அண்ணா சொன்னபடி ஒரே உரையாடலை வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்த ‘யா’ இப்போது எங்கே வந்தாலும் காதில் விழுகிறது. ரேவதி அக்கா, அம்மாவும் கூடச் சேர்ந்து சத்தமாகச் சொல்கிறார். எல்லோருக்கும் நன்றி.

புதியவன்_ஜெ
எனக்கும் இதே நிலைமை, ஆனால் பெல்ஜியம். அங்கே எண்பது எப்படி?

சேது
எழுபதும் தொண்ணூறும் ‘செப்தாந்த்’, ‘நோனாந்த்’. எண்பது மட்டும் ‘காத்ர் வேன்’. எந்த ஆடியோ கேட்கிறீர்கள்? எழுத்து வடிவம் இருக்கிறதா?